வேட்டா, துப்பாக்கியா? காரைக்குடிப் பக்கம் எந்தக் கருவி எடுபடும்

துப்பாக்கிச் சத்தத்தைக் கண்டுபிடிக்க அமெரிக்க நகரங்களில் கம்பங்களிலும் மொட்டை மாடிகளிலும் மைக் வைக்கிறார்கள். திருட்டுத்தனமாகப் பட்டாசு வெடிப்பவர்களைப் பிடிக்க ட்ரோன் பறக்கவிடுகிறார்கள். நம்மிடம் இருப்பது 112க்கு வரும் போனும், பைக்கில் ரோந்து போகும் ஏட்டும். செட்டிநாட்டு ஊர்களுக்கு இந்த மூன்றில் எது தேறும்?

மைக் வகையில் பேர்போனது ஷாட்ஸ்பாட்டர். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஒரே சத்தம் மூன்று மைக்குகளையாவது எட்டினால், எதற்கு முதலில் கேட்டது, எதற்குப் பிந்திக் கேட்டது என்ற கணக்கில் இடம் தெரிந்துவிடும். பிறகு நிறுவனத்தின் ஆள் ஒருவர் பதிவைக் கேட்டு, துப்பாக்கியா பட்டாசா என்று முடிவு செய்து போலீசுக்குச் சொல்வார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சிகாகோவில் இப்படி வந்த 50,176 தகவல்களை அந்நகரத்தின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2021இல் அலசியபோது, துப்பாக்கிக் குற்றத்துக்கான தடயம் கிடைத்தவை 9.1 சதவீதம்தான். 2024 ஜனவரியில் அங்கே இப்படி ஒரு தகவலை நம்பிப் போன போலீஸ், ஒரு பையனை நோக்கிச் சுட்டுவிட்டது. அங்கே வெடித்தது பட்டாசு என்று பிறகு தெரிந்தது. நல்லவேளையாகப் பையனுக்குக் காயமில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் சிகாகோ அந்தக் கருவியையே நிறுத்திவிட்டது.

இதைக் காரைக்குடியில் வைத்துப் பாருங்கள். இந்தப் பக்கம் துப்பாக்கி வழக்கு என்றால் பெரும்பாலும் முயல், பன்றி வேட்டைக்கான நாட்டுத் துப்பாக்கிதான். அதில் குழல் வாய் வழியாக இடிப்பது கருமருந்து, அதாவது வெடியுப்பு, கரி, கந்தகம். கோயில் அதிர்வேட்டில் கிட்டிப்பதும் அதே சரக்கு. மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழா, சிராவயல் மஞ்சுவிரட்டு, கல்யாணம், சாவு என்று வேட்டுக்குப் பஞ்சமில்லாத சீமையில், அந்த மைக் நாளெல்லாம் அலறிக்கொண்டே இருக்கும்.

அப்புறம் நம் வீடுகள். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும்; நடுவில் முகப்பு, வளவு என்கிற திறந்த முற்றம், இரண்டாங்கட்டு. இரு பக்கமும் நீண்ட சுவர். நேராக வர வேண்டிய சத்தம் மறைந்து, எதிர்ச்சுவரில் மோதி வந்தது மட்டும் மைக்கில் விழுந்தால், 0.1 வினாடி தாமதத்துக்கே கணக்கு 34 மீட்டர் வரை பிசகலாம். ஏட்டு போய்க் கதவைத் தட்டுவது பக்கத்துத் தெருவாக இருக்கும்.

ட்ரோன் இந்த விஷயத்தில் பரவாயில்லை. வெடித்த இடத்தைப் படத்தோடு காட்டும்; சாட்சிக்கு அலைய வேண்டாம். கலிபோர்னியாவின் சாக்ரமென்டோவில் அந்தப் படத்தை வைத்து வீட்டு உரிமையாளருக்கே அபராத நோட்டீஸ் அனுப்புகிறார்கள். இங்கே யாருக்கு அனுப்புவது? ஒரே வீட்டில் ஏகப்பட்ட பங்காளிகளுக்குப் பங்கு. ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், சாவி வேலைக்காரரிடம். நோட்டீஸ் போய்ச் சேருவதற்குள் அடுத்த தீபாவளி வந்துவிடும். தவிர, வளவுக்குக் கூரை கிடையாது. பெண்கள் புழங்கும் இடத்துக்கு நேர் மேலே போலீஸ் கேமரா நின்றால் எந்த வீட்டார் சும்மா இருப்பார்கள்? தேர், வாணவேடிக்கை என்று திறந்தவெளியில் கூட்டம் சேரும் இரவுகளுக்கு ட்ரோன் சரி. வீட்டுத் தெருக்களுக்கு வேண்டாம்.

தீபாவளிக்கு நம்மிடம் இருக்கும் முக்கியமான கட்டுப்பாடு நேரக் கட்டுப்பாடு. உச்ச நீதிமன்றத்தின் 2018 உத்தரவுக்குப் பிறகு தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அரசு நேரம் குறித்தது. அதை மீறினார்களா என்று பார்க்கக் கடிகாரம் போதும். ஒலி அளவுக்கும் வரம்பு உண்டு: வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபல். அது பட்டாசைச் சோதித்துப் பார்க்கும் அளவு. மூன்று தெரு தள்ளி நிற்கும் கம்பத்து மைக்கை வைத்து அதை நிரூபிக்க முடியாது.

போனில் உள்ள வசதி, சொல்பவருக்கு ஊர் தெரியும் என்பதுதான். இன்றைக்கு எந்தத் தெருவில் சாவு, எந்தக் கோயிலில் காப்புக் கட்டு என்று தெரிந்தவர், 'இது நம்ம ஊர் வேட்டு இல்லை, கண்மாய்ப் பக்கம் கேட்குது' என்று சொல்லிவிடுவார். குறையும் உண்டு: வேண்டியவர் வெடித்தால் யாரும் போன் செய்ய மாட்டார்கள், ஆகாதவர் வீட்டில் கம்பி மத்தாப்பு கொளுத்தினாலும் புகார் போகும். பூட்டிக் கிடக்கும் வீடுகள் நிறைந்த தெருவில் போன் செய்யவே ஆள் இருக்காது.

அந்த மைக் உருப்படியாக வேலை செய்யும் இடம் ஒன்று இந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. திருப்பத்தூர் அருகே உள்ள வேட்டங்குடி, 1977இல் அறிவிக்கப்பட்ட பறவைகள் சரணாலயம். பறவைகள் மிரளக் கூடாது என்று கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. அங்கே கேட்கும் எந்த வெடிச்சத்தமும் விசாரிக்க வேண்டிய சத்தம்தான். பட்டாசா துப்பாக்கியா என்று யாரும் குழம்ப வேண்டியதில்லை. ஆனால் அப்படி ஒரு சத்தம் கேட்டால் மைக்குக்கு முன்னால் அந்த ஊர்க்காரர்களே கண்மாய்க்கரையில் போய் நிற்பார்கள். ஆகவே செலவு செய்துதான் தீர வேண்டும் என்றால், இரவு ரோந்துக்கு இன்னும் இரண்டு ஆள், இரண்டு பைக் கொடுங்கள் என்பேன்.