குறை சொல்லாத மதிப்புரை: கவிஞர்களுக்கான ஒரு கட்டணச் சேவை

கவிதைத் தொகுப்பின் கையெழுத்துப்படியை அனுப்பினால் மூன்று வாரங்களுக்குள் 'ஆழமான விமர்சனம்' ஒன்றும், பின்னட்டையில் அச்சிடத்தக்க நான்கு வரிகளும், கூடுதல் கட்டணத்திற்கு ஓர் அணிந்துரையும் தருவதாக அறிவிக்கும் இணையச் சேவை ஒன்றை இரண்டு முறை பயன்படுத்தினேன். அதன் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. இதே வாக்குறுதியோடு இயங்கும் சேவைகள் பல இருக்கையில், ஒன்றை மட்டும் சுட்டிக் காட்டினால் மற்றவற்றுக்கு நற்சான்று வழங்கியதாகிவிடும்.

முதல் முறை நேர்மையாகவே அனுப்பினேன். பல ஆண்டுகளாக எழுதி, அடித்து, மீண்டும் எழுதிய கவிதைகள் அவை. விண்ணப்பப் படிவத்தில் விமர்சனத்தின் தொனியைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள்: ஊக்கமளிப்பது, சமநிலையானது, கறாரானது. கறாரானதற்குக் கட்டணம் அதிகம், அதையே தேர்ந்தேன். வந்து சேர்ந்த ஒன்பது பக்கங்களில் கறார் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். 'இவரது மொழி வாசகரைத் தன்னுள் இழுத்துக்கொள்கிறது' என்ற வாக்கியம் நான்காம் பக்கத்தில் இருந்தது. அதே வாக்கியம், ஓர் எழுத்தும் மாறாமல், அவர்கள் மாதிரிக்காகப் பார்வைக்கு வைத்திருந்த வேறொருவரின் மதிப்புரையிலும் இருந்தது. எங்கள் இருவரின் மொழியும் ஒரே விசையோடு இழுக்கிறது போலும்.

அந்த ஐயம்தான் இரண்டாம் முயற்சிக்குத் தூண்டியது. நன்னூல் என்ற இலக்கண நூலின் பாயிரத்தில், அதாவது முன்னுரைப் பகுதியில், அதன் ஆசிரியர் பவணந்தியார் ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைப் பட்டியலிடுகிறார். வேண்டியதைக் குறைத்துச் சொல்லும் குன்றக் கூறலில் தொடங்கி, சொற்கள் இருந்தும் பயன் தராத நின்று பயனின்மையில் முடியும் அந்தப் பட்டியல் இலக்கண நூலை மனத்தில் கொண்டு சொல்லப்பட்டது, கவிதைக்கு அப்படியே பொருந்தாது என்பதை அறிவேன். ஆனாலும் சோதனைக்கு அதைவிட வசதியான அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை. குற்றத்திற்கு ஒன்றாகப் பத்துக் கவிதைகள் எழுதினேன். ஒவ்வொன்றிலும் அந்தந்தக் குற்றத்தைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது என்பதே நான் எனக்கு விதித்துக்கொண்ட யாப்பு. மற்றொன்று விரித்தலுக்காக, பிரிவைப் பற்றித் தொடங்கிய கவிதையை ஒரு துணி துவைக்கும் இயந்திரத்தின் பயன்பாட்டுக் கையேட்டிலிருந்து எடுத்த வரிகளால் முடித்தேன். வேறொரு பெயரில், வேறொரு மின்னஞ்சலிலிருந்து, மறுபடியும் கறாரான தொனியையே கேட்டு அனுப்பி வைத்தேன்.

மதிப்புரை குறித்த நாளில் வந்தது. ஒரே சொல்லைப் பதினாறு முறை அடுக்கியிருந்த 'கூறியது கூறல்' கவிதைக்கு மந்திரத்தன்மை வாய்த்திருப்பதாக எழுதியிருந்தார்கள். எழுவாயும் பயனிலையும் எங்குமே இணங்காத வழூஉச்சொற் புணர்த்தல், இலக்கணத்தின் அதிகாரத்தைக் கேள்விக்கு உட்படுத்துகிறதாம். எனக்கே பொருள் புரியாத 'மயங்க வைத்தல்' பன்முக வாசிப்புக்கு இடம் தருகிறது. முதல் அடியில் அவள் வந்தாள் என்றும் மூன்றாம் அடியில் அவள் வரவே இல்லை என்றும் சொல்லும் மாறுகொளக் கூறலில் இருத்தலின் முரண் துலங்குகிறது. துணி துவைக்கும் இயந்திரம் பின்நவீனத்துவக் கூறுமுறையாகியிருந்தது. அதைப் பின்னட்டை வரிகளிலும் சேர்த்திருந்தார்கள். பொருளற்ற வெறுஞ்சொற்களைக் கோத்த வெற்றெனத் தொடுத்தலுக்கு மட்டும் ஒரு நொடி தயங்கியிருப்பார்கள் என்று நினைக்கிறேன், ஏனெனில் அதற்கு 'எளிமை' என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொண்டார்கள்.

இந்தப் பாராட்டுகளில் ஒன்றுகூடத் தன்னளவில் பொய்யானதல்ல என்பதுதான் இதில் என்னை அதிகம் உறுத்தியது. திரும்பத் திரும்ப வரும் சொல் மந்திரமாவதும் உண்டு, இலக்கணத்தை மீறிய வரி இலக்கணத்திற்குள் அடங்காத ஒன்றைச் சொல்லிவிடுவதும் உண்டு. எந்தக் கவிதையில் அது நிகழ்ந்தது, எதில் நிகழவில்லை என்று பிரித்துச் சொல்வதற்கே விமர்சகர் தேவைப்படுகிறார். பிரிக்கும் வேலையைக் கைவிட்டு, பிரித்த பிறகு பயன்படுத்த வேண்டிய சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு இந்தச் சேவை நடக்கிறது. இத்தகைய இடத்தில் அங்கதத்திற்கும் வேலையில்லை. கேலி செய்வதற்காக எழுதியதைக் கேலி என்று உணர, கேலிக்குரியது எது என்ற தெளிவு எதிரில் இருப்பவருக்கு இருந்தாக வேண்டும்.

என் சோதனை புதிதன்று. 1944-இல் ஆஸ்திரேலியாவின் 'ஆங்ரி பெங்குவின்ஸ்' இதழ், எர்ன் மாலி என்ற இறந்துபோன இளங்கவிஞரின் கவிதைகளை வெளியிட்டுக் கொண்டாடியது. அப்படி ஒருவர் வாழ்ந்ததே இல்லை. ஜேம்ஸ் மெக்காலியும் ஹெரால்ட் ஸ்டூவர்ட்டும் நவீனக் கவிதையைப் பரிகசிக்க, கொசு ஒழிப்புக்கான வடிகால் அறிக்கை உட்படக் கையில் கிடைத்த நூல்களிலிருந்து வரிகளை உருவி அவற்றை இட்டுக்கட்டியிருந்தார்கள். இதழாசிரியர் மேக்ஸ் ஹாரிஸ் ஊராரின் நகைப்புக்கு ஆளானதோடு, அந்தக் கவிதைகள் ஆபாசமானவை என்று தொடரப்பட்ட வழக்கில் அபராதமும் கட்டினார். ஆனால் அந்தக் கவிதைகளில் உண்மையிலேயே கவித்துவம் உண்டு என்று பிற்காலத்தில் வாதிட்டவர்கள் இருக்கிறார்கள். ஆகவே என் பத்துக் குற்றங்களிலும் என்னை அறியாமல் ஏதேனும் நேர்ந்திருக்கலாம் என்பதை மறுக்க மாட்டேன். ஹாரிஸுக்கும் இந்தச் சேவைக்கும் உள்ள வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. அவர் ஏமாந்தார் என்றாலும் தன் பெயரையும் தன் இதழையும் பணயம் வைத்து ஏமாந்தார். எனக்கு வந்த இரண்டு மதிப்புரைகளின் அடியிலும் கையொப்பம் இல்லை. 'எங்கள் விமர்சகர் குழு' என்று மட்டும் இருக்கிறது.

பாயிரம் எழுதத் தகுதியுடையவர்கள் யார் என்றும் நன்னூல் சொல்கிறது: நூலாசிரியரின் ஆசிரியர், அவருடன் கற்றவர், அவருடைய மாணாக்கர், நூலுக்கு உரை எழுதுபவர். நால்வரும் நூலாசிரியருக்கு வேண்டியவர்களே; ஆகவே அதுவும் பக்கச்சார்புதானே என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். ஆனால் அவர்கள் என்ன உறவினர் என்பது அவையில் எல்லோருக்கும் தெரியும், புகழ்ச்சியை அதற்கேற்பக் கழித்துக்கொள்ளலாம். உறவை மறைக்கும்போதுதான் நேர்மை கெடுகிறது. 2004-இல் அமெரிக்காவில் கவிதைப் போட்டிகளின் நடுவர்கள் தங்கள் மாணவர்களுக்கும் நண்பர்களுக்குமே பரிசளிப்பதாக ஓர் இணையதளம் வெளிப்படையாகக் குற்றம் சாட்டத் தொடங்கியபோது எழுந்த சச்சரவும் இதைப் பற்றியதே. அடுத்த ஆண்டே அங்குள்ள சிறு பதிப்பகங்களின் கூட்டமைப்பு போட்டிகளுக்கு ஒரு நெறிமுறையை வகுத்தது. ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று இன்னும் சுருக்கமாகச் சொல்லிவிட்டது: புகழ்வதற்குச் சாமர்த்தியசாலிகள் இருவர், விரல் நிறைய மோதிரம், இடையில் நல்ல உடை இவை இருந்தால், கவிதை நஞ்சானாலும் வேம்பானாலும் நன்றாகவே இருக்கும். இந்தச் சேவையில் மோதிரம் தேவையில்லை, கட்டணம் போதும் என்பதே நான் கண்ட முன்னேற்றம்.

நடைமுறை சார்ந்தவற்றில் குறை சொல்ல அதிகமில்லை. சொன்ன தேதியில் அனுப்புகிறார்கள், எழுத்துப் பிழை மிகக் குறைவு, கேள்விக்கு மறுநாளே பதில் வருகிறது. பணத்தைத் திரும்பப் பெறும் வழி மட்டும் எங்குமே எழுதப்படவில்லை. பின்னட்டை வரிகள் மட்டும் வேண்டும், அவை உண்மையாக இருக்க வேண்டியதில்லை என்பவருக்கு இது சிக்கனமான சேவை.

ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நானும் நேர்மையாக நடந்ததாகாது. முதல் முறை எனக்கு வந்த கோப்பில், தவறுதலாக நீக்காமல் விடப்பட்டிருக்கக்கூடிய ஓர் ஓரக்குறிப்பு இருந்தது. தொகுப்பிலேயே எனக்கு மிகவும் பிடித்த, பதினெட்டு அடிகள் கொண்ட கவிதைக்கு அருகே, யாரோ ஒருவர் எழுதியது: 'இது நான்காம் அடியிலேயே முடிந்துவிட்டது. மீதி, எழுதியவருக்குத் தன் மேல் உள்ள அன்பு.' அதைப் படித்து இரண்டு நாள் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள், அதை எழுதியவரோடு மட்டும் தொடர்புகொள்ள முடியுமா என்று சேவையாளரிடம் கேட்டேன். மறுநாளே பதில் வந்தது. அந்தக் குறிப்பால் என் மனம் புண்பட்டிருந்தால் வருந்துவதாகவும், சம்பந்தப்பட்ட விமர்சகர் இனி என் கவிதைகளைப் பார்க்க மாட்டார் என்றும், அடுத்த தொகுப்புக்குக் கட்டணச் சலுகை உண்டு என்றும் எழுதியிருந்தார்கள். குறிப்பு நீக்கப்பட்ட புதிய கோப்பும் இணைக்கப்பட்டிருந்தது. நான் பழைய கோப்பைத்தான் வைத்திருக்கிறேன். கவிதை இப்போது நான்கு அடிகளோடு நிற்கிறது.