காபி குடித்துவிட்டு எடுத்த ஸ்கேனும் அம்மாவின் பித்தப்பையும்

முழு உடல் பரிசோதனைச் சலுகை என்ற விளம்பரத்தைப் பார்த்து அம்மாவை அழைத்துப் போனது நான்தான். அம்மாவுக்கு வயது 62. காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்கள். பிறகு கையில் ஒரு கூப்பனைக் கொடுத்து, கேன்டீனில் சாப்பிட்டு வரச் சொன்னார்கள். இரண்டு இட்லி, வடை, காபி. பதினொரு மணிக்கு வயிறு ஸ்கேன். சாப்பிட்டீர்களா என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

பித்தப்பை சுருங்கியிருக்கிறது, சுவர்த் தடிப்பு 5 மி.மீ., உள்ளே 4 மி.மீ. அளவில் ஒரு பாலிப் (உட்சுவரில் ஒட்டி வளரும் சிறு சதை) என்று ரிப்போர்ட் வந்தது. மேசையில் இருந்த பெண் அந்த 5-ஐச் சிவப்புப் பேனாவால் இரண்டு முறை சுழித்துக் காட்டினார். அறுவை சிகிச்சை மருத்துவரோ அம்மாவின் வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "வலி இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை என்றோம். "வலி இல்லாததுதான் ஆபத்து, பாலிப் புற்றுநோயாகிவிடும், இந்த வாரமே எடுத்துவிடலாம்" என்றார். புற்றுநோய் என்ற சொல் காதில் விழுந்தபின் எதிர்க்கேள்வி கேட்க எனக்கு நா எழவில்லை. பத்தாயிரம் முன்பணம் கட்டிவிட்டேன்.

மாமா மகள் செவிலியர். இரவு தொலைபேசியில் அவள் கேட்ட முதல் கேள்வி: "அத்தை சாப்பிட்டுவிட்டா ஸ்கேனுக்குப் போனார்கள்?"

எண்ணெய்ப் பண்டம் வயிற்றுக்குள் போனதும் பித்தப்பை தன்னிடமுள்ள பித்தநீரைப் பிழிந்து வெளியேற்றும். சுருங்கிய பையின் சுவர் தடித்துத்தான் தெரியும். அதனால்தான் ஆறு முதல் எட்டு மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்வது வழக்கம். வெறும் வயிற்றில் 3 மி.மீ. வரை சுவர் இருந்தால் அது இயல்பு.

மூன்றாம் நாள் வேறு இடத்தில், பட்டினியோடு, மறுபடி ஸ்கேன். அந்த மருத்துவர் அம்மாவை இடப்பக்கம் ஒருக்களிக்க வைத்தார், பிறகு உட்கார வைத்தார். திரையில் அந்த வெள்ளைப் புள்ளி இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. கல்லாக இருந்தால் பெரும்பாலும் உருளும், பின்னால் கறுப்பாக நிழல் விழும் என்று காட்டியபடியே சொன்னார். சுவர் 2 மி.மீ. பாலிப் மட்டும் உண்மை, அதே 4 மி.மீ.

அதற்கு அறுவை சிகிச்சை வேண்டாம் என்றார் அடுத்துப் பார்த்த குடல் நோய் மருத்துவர். பொதுவாக 10 மி.மீ.யைத் தொட்டால்தான் பையை எடுக்கச் சொல்வார்களாம். அறுபதைத் தாண்டிய வயது என்பதால் ஆறு மாதம், ஓராண்டு, ஈராண்டு என மூன்று முறை ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் போதும் என்றார். காய்ச்சல், வலது விலாவின் கீழ் விடாத வலி, கண்ணில் மஞ்சள் என்றால் கதை வேறு, அப்போது ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது என்றும் எச்சரித்தார். அம்மாவுக்கு இவற்றில் ஒன்றுமே இல்லை.

முதல் ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். சாப்பிட்டபின் எடுத்தது என்று ஒரு வரி இல்லை. படங்களும் தரவில்லை.

முன்பணத்தைக் கேட்டுப் போனேன். ரசீதின் அடியில், கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில், திருப்பித் தரப்படாது என்று இருந்தது. வேண்டுமானால் அடுத்த முழு உடல் பரிசோதனையில் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். அதிலும் காலை உணவு இலவசமாம்.