மருமகள் வீட்டு மூலப்பத்திரம்: நாக்ஸ்வில் மெக்கிளங் தொகுப்பில் வேர் தேடிய அனுபவம்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், நாக்ஸ்வில் நகரின் கே தெருவில் 601ஆம் எண் கட்டடம். அதன் மூன்றாம் மாடியில் இருக்கிறது கால்வின் எம். மெக்கிளங் வரலாற்றுத் தொகுப்பு. அப்பலாச்சிய மலைகளின் இந்தப் பக்கத்தில் 18ஆம் நூற்றாண்டில் குடியேறிய குடும்பம் ஒன்றின் வம்சாவளியைத் தேடுகிறவர், வேறு எங்கும் பணம் கட்டுவதற்கு முன் இங்கே ஏறிப் பார்க்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். இது நாக்ஸ் கவுண்டி (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் போன்றது) பொது நூலகத்தின் ஒரு பிரிவு. உள்ளே உட்கார்ந்து படிக்கக் கட்டணம் கிடையாது.

நான் அம்பாசமுத்திரத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரம் எழுதியவன். மகன் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறான். மருமகள் இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவள். பேத்திக்கு எங்கள் பக்கத்து ஏழு தலைமுறைப் பெயர்களை நான் சொல்லிக் கொடுப்பதைப் பார்த்துவிட்டு, "மாமா, என் பக்கத்தை யார் எழுதுவது?" என்று ஒரு நாள் கேட்டாள். அவள் வீட்டில் கதைகளுக்குக் குறைவில்லை. முதல் முன்னோர் ஐரிஷ்காரர், அமெரிக்கச் சுதந்திரப் போரில் சண்டையிட்டு நிலம் பெற்றவர், கொள்ளுப்பாட்டிக்குப் பாட்டி செரோக்கி என்ற அமெரிக்கப் பழங்குடி இனத்துப் பெண் என்றெல்லாம் சொன்னார்கள். ஒன்றுக்கும் ஆவணம் இல்லை. குடும்பப் பெயரை இங்கே எழுதவில்லை. அந்தப் பெயருள்ளவர்கள் இன்றும் சுற்றுவட்டாரத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

மருமகள் முதலில் சந்தா கட்டியது ஒரு வம்சாவளி இணையதளத்துக்கு. பெயரைத் தட்டியதும் ஒரே இரவில் மரம் பத்துத் தலைமுறை வளர்ந்து அயர்லாந்துப் பிரபு ஒருவரிடம் போய் நின்றது. அச்சிட்டு என்னிடம் கொடுத்தாள். அதில் ஒரு தாய் இறந்து நான்கு ஆண்டு கழித்துப் பிள்ளை பெற்றிருந்தாள். வர்ஜீனியாவில் ஒருவர், டென்னசியில் ஒருவர் என அதே பெயரில் இருந்த இருவரை ஒருவராக்கி இருந்தார்கள். யாரோ ஒருவர் எழுதியதை நூறு பேர் நகலெடுத்திருந்தார்கள். மூலம் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. தாய்ப் பத்திரம் காட்டாமல் நிலம் விற்க வருகிறவரிடம் நான் எப்படிப் பேசுவேனோ, அந்தத் தளத்திடம் அப்படித்தான் பேசத் தோன்றியது.

மெக்கிளங் நாக்ஸ்வில் நகரத்து வணிகர். இரும்புச் சாமான் மொத்த வியாபாரம் செய்தவர். கிழக்கு டென்னசி பற்றிக் கிடைத்த நூல், கையெழுத்துப் படி, கடிதம் அனைத்தையும் வாழ்நாள் முழுவதும் சேர்த்தார். 1919இல் அவர் இறந்ததும் மனைவி அவற்றை நகர நூலகத்துக்குக் கொடுத்தார். இன்று அந்தத் தொகுப்பு இருப்பது 1874இல் டென்னசிப் பளிங்கில் கட்டிய பழைய சுங்கக் கட்டடத்தில். பின்பக்கம் புதிய பகுதியைச் சேர்த்து விரிவாக்கியிருக்கிறார்கள். கவுண்டி ஆவணக் காப்பகமும் கிழக்கு டென்னசி வரலாற்றுச் சங்கமும் இதே கட்டடத்தில் இருப்பதால், ஒரு மாடியில் எழுந்த சந்தேகத்தை இன்னொரு மாடியில் தீர்த்துக்கொள்ளலாம். இந்த வசதியின் அருமை ஆவணங்களோடு பழகியவர்களுக்குத் தெரியும்.

அங்கே பணியில் இருந்த அம்மையார் முதல் முன்னோரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த கடைசி மனிதர் யார்?" என்று மருமகளைக் கேட்டார். அவளுடைய தாத்தா. அவருடைய இறப்புப் பதிவிலிருந்து தொடங்கச் சொன்னார். டென்னசியில் மாநில அளவில் பிறப்பு, இறப்பைப் பதியத் தொடங்கியது 1908இல்தான்; 1913இல் ஓராண்டு விட்டுப்போய், 1914 முதல் மறுபடி தொடர்கிறது. அங்கிருந்து ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிப் போக வேண்டும், தாவக் கூடாது என்றார். வில்லங்கம் பார்ப்பதும் இப்படித்தான். அந்த நிமிடமே அந்த இடத்தின் மேல் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

1850 வரை போவது எளிது. அந்த ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் அடிமையாக இல்லாமல் சுதந்திரமாக வாழ்ந்த ஒவ்வொருவர் பெயரையும் முதன்முதலாக எழுதினார்கள். அதற்கு முந்தையவற்றில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும் இருக்கும். மற்றவர்கள் வயதுவாரியான எண்ணிக்கைதான். கிழக்கு டென்னசிக்கு வேறொரு பெரிய துன்பம் உண்டு. 1790, 1800 கணக்கெடுப்புகள் மிஞ்சவில்லை. 1810இல் இந்தப் பக்கத்துக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. 1820இல் மாநிலத்தின் மேற்குப் பாதிக்கு இருக்கிறது, கிழக்குக்கு இல்லை. ஆக, 1830க்கு முன் இந்த மலையில் யார் இருந்தார்கள் என்று கேட்டால் கணக்கெடுப்பு வாய் திறக்காது. இணையத்து மரங்கள் பெரும்பாலும் தடம் புரள்வது இந்த இடத்தில்தான்.

மெக்கிளங் தொகுப்பின் உண்மையான பலமும் இந்த இடத்தில்தான் தெரிகிறது. வரிப் பட்டியல்கள், நிலப் பத்திரங்கள், உயில்கள், கவுண்டி நீதிமன்றக் குறிப்புகள், தேவாலய உறுப்பினர் பதிவுகள், கல்லறை வாசகங்கள் எல்லாம் நூலாகவும் மைக்ரோஃபிலிமாகவும் கவுண்டிவாரியாக இருக்கின்றன. ஆனால் எந்தக் கவுண்டி என்பது முதலில் தெரிய வேண்டும். மருமகளின் குடும்பம் வாழ்ந்தது கிளிஞ்ச் ஆற்றங்கரையில், யூனியன் கவுண்டியில். அந்தக் கவுண்டியே 1850இல் சட்டமாகி, கிரெய்ஞ்சர், கிளைபோர்ன், கேம்ப்பெல், ஆண்டர்சன், நாக்ஸ் ஆகிய ஐந்திலிருந்தும் துண்டு துண்டாக வெட்டிச் சேர்த்தது. அவர்கள் வீடு மாறவில்லை, எல்லைக்கோடு மாறியது. இந்த விவரத்தைக் காட்டும் பழைய வரைபடத்தை அம்மையார் விரித்துக் காட்டிய பிறகுதான், கிரெய்ஞ்சர் கவுண்டியின் 1799ஆம் ஆண்டு வரிப் பட்டியலில் முதல் முன்னோரின் பெயர் அகப்பட்டது.

பத்திரங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. இங்கே பழைய நிலங்களுக்குச் சர்வே எண் கிடையாது. ஒரு வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, இத்தனை கோல் வடக்கே ஒரு செஸ்ட்நட் மரம், அங்கிருந்து ஓடையின் வளைவோடு இன்னார் நில முனை வரை என்று எழுதிக்கொண்டே போய், தொடங்கிய மரத்திலேயே முடிப்பார்கள். ஒரு கோல் பதினாறரை அடி. நான்கு கோல் ஒரு சங்கிலி, 66 அடி. நம்மூர்ப் பழைய நில அளவையில் பிடித்ததும் அதே 66 அடிச் சங்கிலிதான். அதனால் கணக்கு எனக்குக் கைவந்தது. முன்னோரின் பத்திரத்தை மருமகள் வாசிக்க வாசிக்க நான் வரைபடத் தாளில் கோடு போட்டேன். கோடு மூடியது. அண்டை நிலக்காரர்கள் யார் என்பதும் அதிலேயே தெரிந்தது. அவர்களில் ஒருவர் குடும்பத்தில்தான் அந்த முன்னோரின் மகன் பெண் எடுத்திருக்கிறான். அந்தச் செஸ்ட்நட் மரங்கள் இன்று மலையில் இல்லை. 1904இல் நியூயார்க்கில் கண்டறிந்த பூஞ்சை நோய் சில பத்தாண்டுகளில் இந்த மலைகள் முழுவதையும் துடைத்துவிட்டது.

அடுத்து ஒரு உயில் கிடைத்தது. 1840களில் எழுதியது. மனைவிக்கு வீடும் பசுவும், மூத்த மகனுக்கு ஆற்றோர நிலம், அதற்கடுத்த வரியில் ஒரு மகளுக்கு ஓர் அடிமைச் சிறுமி. மருமகள் வெகுநேரம் பேசவில்லை. மலைவாழ் மக்கள் ஏழைகள், அடிமை வைத்திருந்ததே இல்லை என்றுதான் அவள் வீட்டில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். 1861 ஜூனில், உள்நாட்டுப் போர்க் காலத்தில், தென் மாநிலங்களோடு சேர்ந்து அமெரிக்காவிலிருந்து பிரிவதற்கு எதிராகக் கிழக்கு டென்னசி இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் வாக்களித்தது என்பது உண்மை; அவளுடைய முன்னோரில் இருவர் மலை தாண்டிக் கென்டக்கிக்குப் போய் வடக்குப் படையில் சேர்ந்ததும் உண்மை. அந்த உயிலும் உண்மை. 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உரிமையாளர் பெயரின் கீழ் வயது, பால், நிறம் மட்டும் இருக்கும். அடிமைகளின் பெயர் இருக்காது. 1870 கணக்கெடுப்பில்தான் அவர்கள் எல்லோரும் பெயரோடு வருகிறார்கள். அம்மையார் இதைப் பூசி மெழுகாமல் விளக்கி, அந்தச் சிறுமியை 1870இல் எப்படித் தேடலாம் என்றும் சொல்லிக் கொடுத்தார். உயிலில் இருந்த அவள் பெயரையும் எங்கள் குடும்ப நோட்டில் எழுதிவிட்டோம். குடும்ப வரலாறு எழுதுகிறவர் இந்த வரியை விட்டுவிட்டால், மற்ற வரிகளை நம்ப எனக்கு மனம் வராது.

செரோக்கிப் பாட்டியின் கதைக்கும் பதில் கிடைத்தது. கிழக்குச் செரோக்கி மக்களுக்கு நீதிமன்றம் தீர்த்த இழப்பீட்டுத் தொகைக்காக 1906 முதல் விண்ணப்பங்கள் வாங்கினார்கள். கயன் மில்லர் என்ற அதிகாரி அவற்றை ஆராய்ந்தார். மருமகளின் குடும்பத்தில் ஒருவர் விண்ணப்பித்து, மறுக்கப்பட்டிருக்கிறார். அவளுக்கு அது ஏமாற்றம்தான். ஆனால் விண்ணப்பத்தில் தாய் தந்தை, தாத்தா பாட்டி, பிறந்த இடம் எல்லாவற்றையும் தன் வாயால் சொல்லியிருக்கிறார் அந்த மனிதர். இரண்டு தலைமுறைப் பெண்களின் பிறந்த வீட்டுப் பெயர் எங்களுக்கு அதில்தான் கிடைத்தது. பாட்டி செரோக்கியோ இல்லையோ, இவர்கள் உழுத மண் ஒப்பந்தம் மேல் ஒப்பந்தமாகச் செரோக்கி மக்களிடமிருந்து பிடுங்கியது. மிஞ்சியிருந்தவர்களில் பெரும்பாலோரையும் 1838இல் துரத்தினார்கள். அந்த ஒப்பந்த நூல்களும் அங்கேயே அலமாரியில் இருக்கின்றன, சேர்த்துப் படியுங்கள்.

என்னை மிகவும் உலுக்கியது 20ஆம் நூற்றாண்டுப் பகுதி. 1933இல் டி.வி.ஏ. என்ற டென்னசி ஆற்றுப் பள்ளத்தாக்கு அரசு நிறுவனத்தைத் தொடங்கி, நாரிஸ் அணை கட்டி 1936இல் நீர் தேக்கினார்கள். யூனியன் கவுண்டியின் லாய்ஸ்டன் என்ற ஊர் மூழ்கியது. மருமகளின் கொள்ளுத்தாத்தா நிலமும் போனது. கல்லறைகளைத் தோண்டி வேறிடம் மாற்றினார்கள்; யாருடைய கல்லறை, எங்கிருந்து எங்கே, நெருங்கிய உறவினர் யார் என்று அப்போது பதிவு எழுதினார்கள். வம்சாவளி தேடுகிறவருக்கு அது பொக்கிஷம். அந்தக் குடும்பம் ஆண்டர்சன் கவுண்டிக்குப் போய்ப் புதிதாக நிலம் வாங்கியது. 1942இல் அணுகுண்டுத் திட்டத்துக்காக ராணுவம் அங்கே சுமார் 59,000 ஏக்கர் எடுத்தது. சில வாரங்களே அவகாசம் கொடுத்தார்கள். இப்படி இரண்டு முறை வெளியேறிய குடும்பங்கள் பல. என் மகன் தினமும் வேலைக்குப் போவது அந்த நிலத்துக்கு. இது மருமகளுக்குப் பொத்தாம் பொதுவாகத் தெரியும். பத்திர எண்ணோடு பார்த்தது அன்றுதான்.

வரலாற்றுச் சங்கம் 'டென்னசியின் முதல் குடும்பங்கள்' என்ற அங்கீகாரம் வழங்குகிறது. 1796 ஜூன் 1இல் டென்னசி மாநிலமாவதற்கு முன் இங்கே வாழ்ந்தவரின் நேர்வழி வாரிசு என்று தலைமுறைக்குத் தலைமுறை ஆதாரம் காட்ட வேண்டும். எங்களிடம் இருந்தது 1799. மூன்று ஆண்டு குறைந்தது. கீழே காப்பகத்தில் பழைய திருமண உறுதிப் பத்திரங்களைப் பார்க்கச் சொன்னார்கள். நாக்ஸ் கவுண்டி 1792இல் உருவானது, கிரெய்ஞ்சர் அதிலிருந்தும் ஹாக்கின்ஸிலிருந்தும் பிரிந்தது. அந்தக் காலத்தில் மணமகனோடு ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும். 1795ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்றில், வேறொருவர் கல்யாணத்துக்கு, எங்கள் ஆள் ஜாமீன் நின்றிருக்கிறார். எழுதத் தெரியாதவர்; பெருக்கல் குறி போட்டிருக்கிறார். பக்கத்தில் எழுத்தர் பெயரை எழுதியிருக்கிறார். கைநாட்டு வைப்பவர் கையைப் பிடித்து எத்தனையோ முறை தாளில் ஊன்றியவன் நான். அந்தக் குறியைப் பார்த்ததும் கண் கலங்கியது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். நூல்களை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அங்கேயே படித்துக் குறிப்பெடுக்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டுக் கையெழுத்து முதலில் கண்ணைக் கட்டும். ஒரே எழுத்தரின் பல பக்கங்களைப் பார்த்தால் பிடிபட்டுவிடும். பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடாதீர்கள். எங்களுக்கு நான்கு விதமாகக் கிடைத்தது. உங்கள் குடும்பம் செவியர் கவுண்டி என்றால் 1856இல் நீதிமன்றம் எரிந்ததில் பழைய ஆவணங்கள் போய்விட்டன, அக்கம்பக்கத்துக் கவுண்டிகளில் தேடும் பொறுமை வேண்டும். வீட்டிலிருந்தபடி பொத்தானை அழுத்தி மரம் வளர்க்க நினைப்பவருக்கு இந்த இடம் ஒத்துவராது. வேலை நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். வயதான உறவினர் யாராவது இருந்தால் கூடவே அழைத்துப் போங்கள், பத்திரத்தில் வரும் ஓடைப் பெயரை அவர்கள்தான் அடையாளம் சொல்வார்கள்.

சுதந்திரப் போரில் சண்டையிட்டார் என்ற கதைக்கு மட்டும் இன்னும் சான்று இல்லை. 1832ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவர்களில் அவர் பெயர் இல்லை, அதற்குள் இறந்திருக்கலாம். அந்தக் காலத்தில் இந்தப் பகுதி வட கரோலினாவோடு இருந்ததால், வட கரோலினா போர்வீரர்களுக்குக் கொடுத்த சம்பளச் சீட்டுகளைப் பார்க்கலாம் என்று அம்மையார் எழுதிக் கொடுத்திருக்கிறார். பேத்திக்குப் பள்ளி விடுமுறை விட்டதும் மருமகளும் நானும் அதைப் பார்க்கப் போகிறோம்.