பரந்தன் பக்கத்துச் சைக்கிள் கடை: சில்லுக்குப் போகலாம், கியருக்கு யோசியுங்கள்

கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. பரந்தன் சந்தியில் முல்லைத்தீவு வீதிக்குத் திரும்பிக் கொஞ்சத் தூரம் போனால் ஒரு தகரக் கொட்டில், வாசலில் பாதியாக வெட்டின லொறி ரயருக்குள் கறுத்த தண்ணீர், பக்கத்தில் எந்த நேரமும் தலைகீழாக நிற்கிற இரண்டு மூன்று சைக்கிள்கள். அவ்வளவுதான் அடையாளம். பள்ளிக்கூடம் போகிற வழி என்பதால் நான்கு வருடமாகக் காற்று அடிக்கவும் ஒட்டுப் போடவும் அங்கேதான் போகிறேன். இந்தமுறை கொஞ்சம் பெரிய வேலையோடு போனேன், அதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்துப் பொடியள் சேர்ந்து ஆடி மாதம் ஒரு ரைம் ட்ரையல் வைத்தார்கள். பொங்கலுக்கும் சித்திரை வருடப்பிறப்புக்கும் நடக்கிற சைக்கிள் ஓட்டம் மாதிரி இல்லை இது. அதில் எல்லோரும் ஒன்றாகப் புறப்பட்டு, ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்து போய், கடைசி இருநூறு மீற்றரில் முழங்கையால் இடித்துக்கொண்டு முடிப்பார்கள். இதில் நிமிடத்துக்கு ஒருவராக விடுவார்கள், முன்னுக்குப் போகிறவரைப் பிடித்தாலும் அவருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளக் கூடாது, விலத்திப் போக வேண்டும், காற்று முழுக்க உங்கள் நெஞ்சுக்குத்தான். முரசுமோட்டை வயல்வெளிக்குள்ளால் 10 கிலோமீற்றர், தருமபுரத்துக்குக் கிட்டத் திரும்பி அதே வீதியால் இன்னொரு 10. மொத்தம் 27 பேர், அதில் பெண்கள் நாங்கள் நான்கு பேர்.

என்னுடையது ஜப்பானிலிருந்து கொண்டெய்னரில் வந்த பழைய ரேசிங் சைக்கிள், போன வருடம் 45,000 ரூபாவுக்கு வாங்கினது, இரும்புப் பிறேம், பின்னுக்கு ஆறு கியர். தனியே ஓடிப் பார்த்தபோது 20 கிலோமீற்றருக்கு 46 நிமிடம் 10 செக்கன் எடுத்தது. நான் படிப்பிக்கிறது கணிதம், அதனால் கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை: காற்றைக் கிழிக்கத் தேவையான வலு வேகத்தின் மூன்றாம் அடுக்காகக் கூடுகிறது, அதாவது பத்து வீதம் வேகமாகப் போக ஆசைப்பட்டால் அந்த வேலைக்குக் கால் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக உழைக்க வேண்டும். நாற்பது வயதில் அந்த மூன்றில் ஒரு பங்குக்கு எங்கே போவது. என் பெறாமகன்தான் வழி சொன்னான். 1989 இல் தூர் து பிரான்ஸ் சைக்கிள் போட்டியின் கடைசி நாளில் 50 விநாடி பின்தங்கி நின்ற அமெரிக்கர் கிறெக் லெமொண்ட், ஹாண்டிலுக்கு முன்னால் நீண்டிருக்கிற கம்பியில் முழங்கையை ஊன்றிப் படுத்து ஓடி, 24.5 கிலோமீற்றருக்குள் அந்த 50 ஐயும் விழுங்கி முழுப் போட்டியையும் 8 விநாடியால் வென்ற கதையைப் பத்துத் தரம் சொன்னான், சொன்னதோடு நிற்காமல் அப்படி ஒரு கம்பியை ஒன்லைனில் எடுப்பித்தும் விட்டான். 6,800 ரூபா, என் காசு.

அதைப் பூட்டத்தான் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணை கம்பியைக் கையில் வாங்கவே இல்லை. சைக்கிளைத் தலைகீழாக வைத்து, பின்சில்லைக் கையால் ஒரு சுழற்றுச் சுழற்றிவிட்டுக் குந்தி இருந்தார்.

"ரீச்சர், எத்தினை சுத்து சுத்துது எண்டு எண்ணுங்கோ."

பதினொன்றோடு நின்றது. முன்சில்லைச் சுழற்றினார், நாற்பது தாண்டியும் ஓடிக்கொண்டிருந்தது. பின்னுக்குப் பிறேக் றப்பர் சுற்றுக்கு ஒருதரம் றிம்மில் உரசுகிற சத்தம் எனக்கே கேட்டது. அதற்குக் கீழே இன்னொரு சத்தம், மணல் மெல்லுவது போல, அதை அவர் சொன்ன பிறகுதான் பிடித்தேன். ஒரு வருடமாக இந்தச் சில்லை மிதித்துக்கொண்டுதான் காற்றைப் பற்றிக் கணக்குப் போட்டிருக்கிறேன்.

அச்சைக் கழற்றி, அதைச் சுற்றி உருளுகிற இரும்புக் குண்டுகளை, போல்ஸை, ஒரு மீன்ரின் மூடியில் கொட்டினார். பக்கத்துக்கு ஒன்பது, கால் இஞ்சி. மண்ணெண்ணெயில் கழுவி ஒவ்வொன்றாகப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உருட்டினார், கண் அதில் இல்லை, வீதியில் போகிற பஸ்ஸில்தான் இருந்தது. மூன்றைத் தனியே எடுத்து வைத்தார். நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி. மூன்றை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டேன். கூடாதாம், பழசு தேய்ந்திருக்கும், புதுசு மயிரளவு பெரிசாக நிற்கும், பாரம் முழுக்க அந்த மூன்றிலும் விழும். பதினெட்டையும் மாற்றினார்.

பெற்றோல் கண்ணில் காணாத தொண்ணூறுகளில், வன்னியே சைக்கிளில் ஓடிய காலத்தில் பழகிய கை அது. ஒரு ரயருக்குள் இன்னொரு பழைய ரயரை வெட்டிப் போட்டு ஓட விட்டதையும், சைக்கிளை நிறுத்தி வைத்துப் பெடல் மிதித்து டைனமோவில் ரேடியோ கேட்டதையும் வேலை செய்துகொண்டே சொன்னார். பதிலுக்கு நான் ஸ்கொட்லாந்துக்காரர் கிரேம் ஓப்ரியின் கதையைச் சொன்னேன், 1993 இல் தானே செய்த சைக்கிளில் உடுப்புத் தோய்க்கிற மெஷினிலிருந்து கழற்றிய பெயாரிங்கைப் போட்டு ஒரு மணித்தியாலத்தில் 51.596 கிலோமீற்றர் ஓடி உலக சாதனை வைத்தவர். ஆச்சரியப்படுவார் என்று நினைத்தேன். "எந்தக் கொம்பனி மெஷின்?" என்று கேட்டார்.

சில்லின் நெளிவு எடுக்க அவரிடம் எந்தக் கருவியும் இல்லை. பெருவிரல் நகத்தைப் பிறேமில் ஊன்றி றிம்மோடு ஒட்ட வைத்துக்கொண்டு சில்லைச் சுற்றுகிறார், நகத்தில் தட்டுகிற இடத்தில் நிறுத்தி ஒரு சில்லுக்கம்பியைக் கால் சுற்று இறுக்கி எதிர்க்கம்பியைக் கால் சுற்று இளக்குகிறார், திரும்பச் சுற்றுகிறார். முக்கால் மணித்தியாலம் இதுவே. பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமை வேண்டும், எனக்கு இருந்தது.

அப்புறம் சீற். நம் ஊரில் எல்லோரும் இரண்டு காலும் நிலத்தில் முட்டுகிற உயரத்தில்தான் சீற்றை வைத்திருப்போம், பெண்பிள்ளைகள் என்றால் இன்னும் ஒரு இஞ்சி இறக்கி. என்னை ஏறி இருக்கச் சொல்லி, பெடல் ஆகக் கீழே வரும்போது குதிக்கால் வைத்தால் முழங்கால் நேராக வர வேண்டும் என்று சொல்லி மூன்று விரல் அளவு உயர்த்தினார். முதல் இரண்டு நாள் பனையில் இருந்து ஓடுவது போல இருந்தது. மூன்றாம் நாள் முழங்கால் நோ போய்விட்டது. வேலைக்குக் கணக்கு எழுதும்போது இதற்கு ஒரு சதமும் போடவில்லை.

நான் கொண்டுபோன ஹாண்டில் கம்பியைக் கடைசியில்தான் தொட்டார். "படுத்துக்கொண்டு ஓடேக்க மாடு குறுக்க வந்தா பிறேக் எங்க ரீச்சர் இருக்கு?" நியாயமான கேள்வி, அந்த வீதியின் மாடுகளை அறிந்தவர்களுக்குத் தெரியும். ஆனாலும் பழைய ரியூப் துண்டைச் சுற்றி இறுக்கிப் பூட்டித் தந்தார், அசையவில்லை.

சரி, இனிக் குறைகள். வியாழன் தருகிறேன் என்ற சைக்கிள் சனி பின்னேரம்தான் கிடைத்தது, ஞாயிறு காலை ஓட்டம். செயினுக்கு ஒயிலை வார்த்தே விட்டிருந்தார், வீட்டுக்குப் போவதற்குள் வீதிப் புழுதி முழுக்க அதில் ஒட்டிவிட்டது, இரவு எட்டு மணிக்குத் துணியும் கையுமாக இருந்து துடைத்தேன். காற்று அளக்கிற மீற்றர் கிடையாது, பெருவிரலால் அமத்திப் பார்த்துக் கல்லுப் போல அடித்துவிடுவார், மெல்லிய ரயரில் அது கரடுமுரடான இடங்களில் பல்லைக் கிடுகிடுக்க வைக்கும், நான் வீட்டில் கொஞ்சம் இறக்கினேன். இதெல்லாம் சின்னது. பெரியது கியர். பின்சில்லைத் திரும்பப் பூட்டிய பிறகு செயின் பல்லைத் தாண்டி வெளியே போகாமல் தடுக்கிற கியரின் எல்லைத் திருகாணியை அவர் சரி பார்க்கவில்லை, நானும் ஆகச் சின்னப் பல்லுக்கு மாற்றி ஓடிப் பார்க்கவில்லை.

ஓட்டத்தன்று சோளகக் காற்று நல்ல பிடி. போகும்போது வலப்பக்கத்தால் அடித்தது, வரும்போது இடப்பக்கத்தால், இரண்டு பக்கமும் நட்டம். வயல்வெளிக்குள் கம்பியில் படுத்தால் சைக்கிள் வீதிக்கரைக்கு இழுத்தது, ஹாண்டிலையே பிடித்துக்கொண்டு போனேன், ஆக 6,800 ரூபாவின் பாதித் தூரத்தைத்தான் பாவித்தேன். ஆனால் சில்லு! மிதிப்பதை நிறுத்தினாலும் வேகம் விழாமல் உருண்டுகொண்டே இருந்தது, ஒரு சத்தம் இல்லை. திரும்புகிற இடத்தில் சுற்றி வந்து சின்னப் பல்லுக்கு மாற்றினேன், செயின் பல்லுக்கும் பிறேமுக்கும் நடுவில் போய் இறுகியது. இறங்கிக் கையால் பிடுங்கி எடுக்க நாற்பது செக்கனாவது போயிருக்கும். அங்கே நின்ற பொடியன் உதவ வந்தான், தொட்டால் நீக்கிவிடுவார்களோ என்ற பயத்தில் அவனை அதட்டி விரட்டினேன், பாவம்.

42 நிமிடம் 35 செக்கன். நால்வரில் இரண்டாவது. முதலாவதாக வந்த ஏ.எல் படிக்கிற பிள்ளை என்னை விட 51 செக்கன் முன்னுக்கு, எனவே செயின் விழாவிட்டாலும் நான் இரண்டாவதுதான், கணக்குப் பார்த்துவிட்டேன். குறைந்த மூன்றரை நிமிடத்தையும் கடைக்கே கொடுக்க மாட்டேன், ஆட்கள் பார்க்க ஓடும்போது வருகிற வேகம் தனியே ஓடும்போது வராது. ஆனாலும் பெரிய பங்கு அந்தச் சில்லுக்கும் சீற்றுக்கும்தான்.

திங்கள் போய்க் கறுத்த கையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "கியர் சைக்கிள் எனக்கு இன்னும் கை வரேல்லை ரீச்சர்" என்று சொல்லிவிட்டுத் திருகாணியைத் திருத்தினார், காசு வாங்கவில்லை. அப்படி ஒத்துக்கொள்கிற மெக்கானிக்கை நான் வேறெங்கும் காணவில்லை, ஆனாலும் ஓட்டத்துக்குப் போகிறவர்கள் கியர் வேலையை வேறு இடத்தில் செய்வியுங்கள், அல்லது எடுத்தவுடன் ஆறு கியரையும் மாற்றி ஓடிப் பாருங்கள்.

இரண்டு சில்லுக்கும் நெளிவு எடுக்க 1,000, போல்ஸும் கிறீஸும் கூலியும் 900, பிறேக் றப்பர் நான்கு 600. மொத்தம் 2,500 ரூபா. மத்தியானம் ஒரு மணியிலிருந்து மூன்று வரை பூட்டு. சில்லறை கொண்டு போங்கள், அவரிடம் மிச்சக் காசு இருக்காது, அதற்குப் பதிலாக வால்கட்டை தருவார். என்னிடம் இப்போது ஐந்து இருக்கிறது, என் சைக்கிள் வால்வுக்கு அது பொருந்தவும் பொருந்தாது.