துணியா, சர்ஜிக்கலா, என்95-ஆ? அதற்கு முன்னால், யாருக்காக?

கொரோனா நாட்களில் மருந்துக்கடைகளில் ஓயாமல் கேட்கப்பட்ட கேள்வி, "எந்த மாஸ்க் நல்லது?" என்பது. அதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய இன்னொரு கேள்வி உண்டு: "யாருக்காகப் போடுறீங்க?" அபராதத்துக்குப் பயந்து போட்டவர்கள் உண்டு. ஊரே போடுகிறதே என்று போட்டவர்கள் உண்டு. தன்னால் இன்னொருவருக்கு வந்துவிடக் கூடாது என்று போட்டவர்கள் உண்டு. தனக்கு வரக் கூடாது என்று போட்டவர்களும் உண்டு. இந்த நான்கு மனநிலைகளும் நான்கு விதமான மாஸ்க்கைத் தேடின, நான்கு விதமாக அணிந்தன, நான்கு விதமாகக் கோட்டையும் விட்டன. ஆகவே மாஸ்க்கை மட்டும் தனியாக எடுத்து ஒப்பிட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

அபராதத்துக்காகப் போட்ட மாஸ்க்

தமிழ்நாட்டில் 2020 செப்டம்பரில், பொது இடத்தில் மாஸ்க் இல்லாவிட்டால் 200 ரூபாய் அபராதம் என்று வந்தது. 2022 ஜனவரியில் அது 500 ரூபாய் ஆனது. சட்டம் மாஸ்க்கை உடம்பில் ஏற்றியது. மூக்கில் ஏற்ற அதனால் முடியவில்லை. போலீஸைக் கண்டதும் தாவாங்கட்டையிலிருந்து மேலே இழுப்பது, கர்ச்சீப்பைச் சட்டென்று வாயில் வைத்துக்கொள்வது, ஒரே மாஸ்க்கைச் சட்டைப்பையில் மடித்து வாரக்கணக்கில் வைத்திருப்பது எல்லாம் இந்த வகை.

தாவாங்கட்டைக்கு இறக்கிய மாஸ்க்கின் உட்பக்கம் கழுத்திலும் தாடையிலும் உரசுகிறது. அங்கே இருக்கும் வியர்வையும் தூசியும் துணிக்கு ஏறி, அடுத்த முறை மேலே இழுக்கும்போது நேராக வாய்க்கு வருகின்றன. மூக்கை வெளியே விட்டுப் போடுவதோ இன்னும் வீண். அமைதியாக இருக்கும்போது நாம் மூச்சு விடுவது பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான். வாயை மட்டும் மூடினால், பேசும்போது தெறிக்கும் எச்சில் துளிகள் ஓரளவு தடுபடும். உள்ளே போகும் காற்று அப்படியே போகும்.

ஆனாலும் அபராதத்தை முழுக்கக் குறைசொல்ல மாட்டோம். மாஸ்க் போட மனசு இருந்தும், "நீ மட்டும் என்ன பெரிய பயந்தாங்கொள்ளி" என்ற கேலிக்குக் கூச்சப்பட்டவர்களுக்கு அது ஒரு சாக்கைக் கொடுத்தது. "ஃபைன் போடுறாங்கப்பா" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் போட்டுக்கொள்ள முடிந்தது.

துணி மாஸ்க்: அடுத்தவருக்காக

2020 ஏப்ரல் தொடக்கத்தில் ஒன்றிய சுகாதார அமைச்சகம் வீட்டிலேயே தைத்த மாஸ்க்கைப் பொதுமக்களுக்குப் பரிந்துரைத்தது. சர்ஜிக்கலும் என்95-உம் மருத்துவமனைகளுக்கே போதாமல் இருந்த நேரம் அது. அதே ஆண்டு ரேஷன் கடைகள் வழியாகத் தமிழ்நாடு அரசு ஆளுக்கு 2 துணி மாஸ்க் கொடுக்கத் தொடங்கியது. திருப்பூரின் பனியன் கம்பெனிகள் பலவும் மாஸ்க் தைக்க இறங்கின.

துணி மாஸ்க் அடிப்படையில் பிறருக்கான மாஸ்க். இருமும்போதும் பேசும்போதும் வாயிலிருந்து கிளம்பும் பெரிய துளிகளை, கிளம்பிய இடத்திலேயே அது பிடித்துவிடும். அந்தத் துளிகள் காற்றில் உலர்ந்து சுருங்கிவிட்ட பிறகு, எதிரில் நிற்பவரின் துணி மாஸ்க்கால் அவற்றைப் பிடிப்பது கடினம். "நான் போட்டேன், எனக்கு ஏன் வந்தது?" என்று பலர் கோபப்பட்டதற்குக் காரணம் இதுதான். பிறருக்கான பொருளைத் தனக்கான கவசமென்று நம்பிப் போட்டிருந்தார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2020 ஜூன் 5-ஆம் தேதி வெளியிட்ட வழிகாட்டுதலில் துணி மாஸ்க்குக்கு மூன்று அடுக்கு சொன்னது. உள்ளே ஈரம் உறிஞ்சும் பருத்தி, நடுவில் நெய்யப்படாத பாலிப்ரொப்பிலீன், வெளியே ஈரம் ஒட்டாத பாலியெஸ்டர் கலந்த துணி. கடையில் விற்றவற்றில் பெரும்பாலானவை இந்தக் கணக்குக்கு வரவில்லை. பனியன் துணி பின்னப்பட்ட துணி. இழுத்தால் இழைகளுக்கு நடுவே உள்ள துளைகள் விரியும். முகத்தில் இறுக்கமாக இருக்கட்டும் என்று சின்ன அளவு வாங்கினால், இழுபட்ட இடத்தில் அது சல்லடையாகிவிடும். நெருக்கமாக நெய்த பருத்தி வேட்டித் துணியோ படுக்கை விரிப்புத் துணியோ இரண்டு மூன்று மடிப்பாக இருந்தால் அதைவிட மேல். சோதித்துப் பார்க்கச் சுலபமான வழி: மாஸ்க்கை விளக்குக்கு நேரே பிடியுங்கள். இழைகளுக்கு நடுவே வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் அது போதாது. மாஸ்க்கைப் போட்டுக்கொண்டே எதிரில் உள்ள மெழுகுவத்தியை ஊதி அணைக்க முடிந்தாலும் போதாது.

நம் வெயிலில் துணி மாஸ்க்குக்கு முதல் எதிரி வியர்வை. நனைந்த துணியில் காற்று புகுவது கடினமாகும். மூச்சு, எளிய வழியான பக்கவாட்டு இடைவெளிகளைத் தேடிக்கொள்ளும். வெளியே போகிறவர் காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று மாற்ற வேண்டும். தினமும் சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் காயப்போட வேண்டும். கொதிநீரில் போட்டால் துணி தாங்கும், எலாஸ்டிக் தாங்காது. நாலைந்து முறையில் தொளதொளத்துவிடும். துணி நாடா வைத்துப் பின்தலையில் கட்டும் மாதிரியே நீடித்து உழைத்தது.

சர்ஜிக்கல்: விலை குறைவு, ஓட்டை பக்கவாட்டில்

2020 மார்ச்சில் மாஸ்க் விலை ஏறியபோது, மூன்றடுக்கு சர்ஜிக்கல் மாஸ்க் 10 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது, இரண்டடுக்கு 8 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று ஒன்றிய அரசு உச்சவரம்பு வைத்தது. அந்தக் காசுக்கு அது தரும் வடிகட்டும் திறன் துணியைவிட வெகுவாக அதிகம். நடு அடுக்கில் உள்ள மெல்ட்ப்ளோன் என்ற மெல்லிய இழைப்படலம்தான் அதன் உயிர். போலிகளில் அந்த நடு அடுக்கே இருக்காது. மூன்றும் சாதாரணப் பை துணியாக இருக்கும். ஒன்றை வெட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். நல்லதில் நடு அடுக்கு வெள்ளைக் காகிதம்போல் அடர்த்தியாக இருக்கும்.

அணியும் முறையில் மூன்று தவறுகள் நடந்தன. நீலப் பக்கம் வெளியே, வெள்ளைப் பக்கம் உள்ளே வர வேண்டும். மடிப்புகள் கீழ்நோக்கி இருக்க வேண்டும். மேல்நோக்கி இருந்தால் அவற்றில் துளிகள் தேங்கும். கம்பி உள்ள விளிம்பு மூக்கின் மேல் வர வேண்டும். கம்பியை ஒற்றை விரலால் கிள்ளினால் நடுவில் கூர்மையாக மடிந்து, இருபுறமும் குகை திறந்துகொள்ளும். இரண்டு கை விரல்களாலும் நடுவிலிருந்து கன்னம் நோக்கித் தடவி அழுத்த வேண்டும்.

இதன் பெரிய குறை கன்னத்தின் ஓரம் பிதுங்கி நிற்கும் இடைவெளி. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 பிப்ரவரியில் வெளியிட்ட ஆய்வகச் சோதனையில், செயற்கை இருமலில் கிளம்பிய துகள்களில் சர்ஜிக்கல் மாஸ்க் சும்மா போட்டால் 56 சதவீதமும், துணி மாஸ்க் 51 சதவீதமும் தடுத்தன. அதே சர்ஜிக்கலைக் காதுக்கயிற்றில் முடிச்சுப் போட்டு ஓரத்தை உள்ளே மடித்தால் 77 சதவீதம். சர்ஜிக்கலின் மேல் துணி மாஸ்க் போட்டால் 85 சதவீதம். மாஸ்க் மாறவில்லை, ஓட்டை மட்டும் அடைபட்டது.

முடிச்சுப் போடும் முறை இது. மாஸ்க்கை நீளவாக்கில் பாதியாக மடியுங்கள். ஒவ்வொரு காதுக்கயிற்றையும் மாஸ்க்கின் ஓரத்தை ஒட்டி ஒரு முடிச்சுப் போடுங்கள். விரித்தால் முடிச்சின் பக்கத்தில் சின்னதாக ஒரு வாய் திறந்திருக்கும். அந்த உபரி மடிப்பை உள்பக்கமாகத் திணியுங்கள். முகம் பெரியவர்களுக்கு இது காதை இழுக்கும். அவர்களுக்கு இரண்டு மாஸ்க் முறை பொருந்தும்: உள்ளே சர்ஜிக்கல், மேலே துணி. இரண்டு சர்ஜிக்கல் போடுவதில் பயன் இல்லை, ஓட்டை இரண்டுக்கும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

என்95: தனக்காக

என்95 என்றால் 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுத் துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தைப் பிடிக்கும் வடிகட்டி. "வைரஸ் 0.1 மைக்ரான்தானே, நழுவிப் போய்விடாதா?" என்ற வாட்ஸ்அப் வாதம் நிறையச் சுற்றியது. 0.3-ஐ ஒட்டிய அளவுதான் பிடிப்பதற்கு மிகக் கடினமானது, அதனால்தான் அதில் சோதிக்கிறார்கள். அதைவிடச் சிறியவை நேர்கோட்டில் போகாமல் அலைபாய்ந்து இழைகளில் மோதி ஒட்டிக்கொள்கின்றன. போதாததற்கு இழைகளில் நிலைமின்னூட்டமும் ஏற்றியிருக்கிறார்கள். அதனால்தான் சானிடைசர் தெளிக்கக் கூடாது, துவைக்கவும் கூடாது. மின்னூட்டம் போய்விட்டால் வெறும் கெட்டித் துணிதான் மிஞ்சும்.

இந்தியாவில் தயாராகும், என்95-க்கு ஏறக்குறைய ஈடான எஃப்எஃப்பி2 வகைக்கு ஐஎஸ் 9473 என்ற இந்தியத் தர எண் இருக்க வேண்டும். அமெரிக்கச் சான்று பெற்ற என்95-இல் டிசி-84ஏ என்று தொடங்கும் எண் அச்சிட்டிருக்கும், பட்டைகள் தலையைச் சுற்றி வரும். காதில் மாட்டும் கயிறு வைத்து அந்தச் சான்றும் இருப்பதாகச் சொன்னால் சந்தேகப்படலாம். காதுக்கயிறு இறுக்கத்தைக் குறைக்கும். தலைப்பட்டைதான் முகத்தோடு ஒட்டவைக்கும்.

ஒட்டவில்லை என்றால் என்95-க்குக் கொடுத்த காசு வீண். தாடி வைத்தவர்களுக்கு அது முழுதாக ஒட்டாது. இதை யாரும் கடையில் சொல்வதில்லை. துவைக்க முடியாததால் சுழற்சி முறை உதவும். ஐந்து மாஸ்க்கை ஐந்து காகித உறைகளில் போட்டு நாளுக்கு ஒன்றாக எடுத்தால், ஒவ்வொன்றும் இடையில் நான்கு நாள் காயும். பிளாஸ்டிக் உறை கூடாது, ஈரம் அடைந்துகொள்ளும். பட்டை தளர்ந்தாலோ, ஈரமானாலோ தூக்கிப் போட வேண்டியதுதான்.

வால்வு வைத்த என்95 தனி விவகாரம். "மூச்சு முட்டாது" என்று அதிக விலை கொடுத்து வாங்கினார்கள். வால்வு, விடும் மூச்சை வடிகட்டாமல் வெளியே அனுப்புகிறது. 2020 ஜூலையில் ஒன்றிய அரசு மாநிலங்களுக்கு எழுதி அதைத் தவிர்க்கச் சொன்னது. தன்னை மட்டும் காத்துக்கொள்ளும் மனநிலைக்கு இதைவிடத் தெளிவான உருவம் கிடையாது. ஆனால் வாங்கியவர்களில் பெரும்பாலோர் அப்படி நினைத்து வாங்கவில்லை. வால்வு எதற்கு என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. கையில் வால்வு மாஸ்க்தான் இருக்கிறது என்றால், உட்பக்கம் வால்வின் மேல் சர்ஜிக்கல் டேப் ஒட்டிவிடலாம்.

முகத்துக்கு முன் தொங்கும் கண்ணாடித் தாள் கவசம் கண்ணில் துளி தெறிக்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவே. கீழே முழுக்கத் திறந்திருக்கிறது. மாஸ்க்குக்குப் பதிலாக அது நிற்காது.

"மூச்சு முட்டுது"

இந்தப் புகாரைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கியது தவறு. ஆக்சிஜனும் கரியமில வாயுவும் வைரஸைவிட நூற்றுக்கணக்கான மடங்கு சிறியவை. துணியோ சர்ஜிக்கலோ அவற்றைத் தடுப்பதில்லை. ஆனால் என்95-இல் காற்றை இழுக்க உண்மையாகவே கூடுதல் உழைப்பு வேண்டும். பல மணி நேரம் போட்டால் தலைவலி வரும், காதுக்குப் பின்னால் புண்ணாகும். சுமை தூக்குபவரிடமும் கொத்தனாரிடமும் நாள் முழுக்க என்95 போடு என்பது நடக்காத காரியம். திறந்த வெளியில் அவர்களுக்கு அது தேவையும் இல்லை. உள்ளே, கூட்டத்தில், காற்றோட்டமில்லாத இடத்தில் மட்டும் போட்டால் போதும் என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால், வேண்டிய இடத்திலாவது மூக்கை மூடியிருப்பார்கள்.

எந்த மனநிலை வேலை செய்தது?

ஜப்பானில் 2020 மார்ச் கடைசியில் நடந்த ஒரு கருத்தாய்வில், மாஸ்க் போடுவதோடு மிக வலுவாகப் பொருந்தி நின்றது நோய்ப் பயமல்ல, பிறரைக் காக்கும் எண்ணமும் அல்ல. மற்றவர்கள் போடுகிறார்கள் என்பதுதான். ஊரோடு ஒத்து வாழ் என்று நாம் சொல்வது அங்கே எண்களாக வந்தது.

டென்மார்க்கில் 2020 ஏப்ரல், மே மாதங்களில் ஏறத்தாழ 6000 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. சர்ஜிக்கல் மாஸ்க் போடச் சொன்னவர்களில் 1.8 சதவீதம் பேருக்கும், சொல்லாதவர்களில் 2.1 சதவீதம் பேருக்கும் தொற்று வந்தது. வித்தியாசம் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. "பார்த்தீர்களா, மாஸ்க் வீண்" என்று இதை எடுத்துக் காட்டினார்கள். அந்த ஆய்வு அளந்தது போட்டவருக்குக் கிடைத்த பாதுகாப்பை மட்டும். அவரால் பிறருக்குப் பரவாமல் நின்றதை அது அளக்கவே இல்லை.

அதற்கு எதிரே வைக்க வேண்டியது வங்கதேச ஆய்வு. 2020 நவம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை, 600 கிராமங்கள், சுமார் 3.4 லட்சம் பெரியவர்கள். பாதிக் கிராமங்களில் மாஸ்க்கை இலவசமாக வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஏன், எப்படி என்று விளக்கினார்கள். சந்தையிலும் மசூதியிலும் ஆள் நின்று, போடாதவரிடம் பணிவாக நினைவூட்டினார்கள். இமாம்களும் ஊர்ப் பெரியவர்களும் தாங்களே போட்டுக்காட்டினார்கள். சரியாகப் போட்டவர்கள் 13 சதவீதத்திலிருந்து 42 சதவீதமானார்கள். சர்ஜிக்கல் கொடுத்த கிராமங்களில் அறிகுறியுள்ள தொற்று 11 சதவீதம் குறைந்தது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் 35 சதவீதம். துணி கொடுத்த கிராமங்களில் இவ்வளவு தெளிவான பலன் தெரியவில்லை.

அதே ஆய்வில் எங்களை நிறுத்திய விஷயம் வேறு. "உன்னைக் காத்துக்கொள்" என்று சொன்னாலும் "பிறரைக் காப்பாற்று" என்று சொன்னாலும் பலனில் வித்தியாசமில்லை. கைப்பேசிச் செய்தி கூடுதலாக ஒன்றும் சேர்க்கவில்லை. ஊருக்குப் பரிசு என்றாலும் கூடவில்லை. நேரில் ஒருவர் நின்று சொன்னதுதான் எடுபட்டது. நம் ஊரில் அந்த இடத்தில் ரசீதுப் புத்தகம் நின்றது.

இன்னொரு பயனுள்ள எண்ணும் அதில் உண்டு. அங்கே கொடுத்த சர்ஜிக்கல் மாஸ்க் புதிதாக 95 சதவீதம் வடிகட்டியது. சோப்பு நீரில் 10 முறை துவைத்த பிறகும் 76 சதவீதம். அவர்களுடைய துணி மாஸ்க் புதிதிலேயே 37 சதவீதம்தான். ஒருமுறை போட்டுத் தூக்கிப்போட வசதியில்லாத வீட்டில், நல்ல சர்ஜிக்கலை அலசிப் போடுவது புதுத் துணி மாஸ்க்கைவிடத் தேவலை.

இப்போது வீட்டில் எது இருக்கட்டும்?

உங்களுக்கே இருமல், சளி என்றால் சர்ஜிக்கல் போதும், முடிச்சுப் போட்டு அணியுங்கள். கீமோதெரபி எடுப்பவரையோ, மூச்சுக்கோளாறு உள்ள முதியவரையோ பார்த்துக்கொள்பவர் வால்வு இல்லாத என்95 நான்கைந்தை உறையோடு வைத்திருக்கலாம். துணி மாஸ்க்கைத் தூசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். எதைப் போட்டாலும் வீட்டை விட்டு இறங்கும் முன் விளிம்பைச் சுற்றி இரு கைகளையும் குவித்து வேகமாக ஊதிப் பாருங்கள். கண் பக்கம் காற்று அடித்தாலோ, மூக்குக்கண்ணாடி மங்கினாலோ, கம்பியை மறுபடி நடுவிலிருந்து கன்னம் நோக்கித் தடவி அழுத்துங்கள்.