பொது ஹாலில் ஹோம் தியேட்டரா? மாடல் நம்பர் இல்லாத கொட்டேஷனுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

ஒத்தக்கடைப் பக்கம் ஓர் அபார்ட்மெண்ட்டின் பொது ஹால், முப்பதுக்குப் பதினெட்டு அடி. ஒரு பாதியில் டேபிள் டென்னிஸும் கேரமும், மறுபாதியில் ஹோம் தியேட்டர் என்று திட்டம். வந்த கொட்டேஷனில் நாலே வரி: 4கே புரொஜெக்டர், 1000 வாட்ஸ் 5.1 செட் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்), சவுண்ட் ப்ரூஃப், வயரிங். பிராண்ட் இல்லை, மாடல் இல்லை. 70 சதவீதம் அட்வான்ஸ். வேலை முடிந்து சங்கத்தார் கேட்டபோது, "சொன்னதெல்லாம் போட்டாச்சே சார்" என்றார் கடைக்காரர். அந்தச் சொற்களுக்குள்தான் தில்லுமுல்லு அத்தனையும்.

புரொஜெக்டர் பெட்டியில் "4கே சப்போர்ட், 9000 லூமென்ஸ்" என்று இருந்தது. சப்போர்ட் என்றால் 4கே சிக்னலை வாங்கிக்கொள்ளும், அவ்வளவே. கேட்க வேண்டியது நேட்டிவ் ரெசல்யூஷன், அதாவது மெஷின் உண்மையில் காட்டும் புள்ளிகளின் எண்ணிக்கை. லேப்டாப்பை இணைத்துப் பொடி எழுத்தில் ஒரு எக்செல் ஷீட்டைத் திறந்தாலே குட்டு உடைந்துவிடும். வெளிச்சத்துக்கு ஆன்சி லூமென்ஸ்தான் கணக்கு, அதாவது தர விதிப்படி அளந்த வெளிச்சம். 120 இஞ்ச் திரை சுமார் 43 சதுர அடி. இந்த ரக மெஷின்கள் உண்மையில் 300 ஆன்சி கொடுத்தால் பெரிது. அதைப் பரப்பினால் சதுர அடிக்கு 7 லூமென்ஸ். டிஜிட்டல் தியேட்டர்களின் அளவுகோல் 14, அதுவும் கும்மிருட்டில். இங்கே பக்கத்திலேயே டேபிள் டென்னிஸுக்கு லைட் எரியும். பொது ஹாலுக்கு 3000 ஆன்சிக்குக் கீழே யோசிக்காதீர்கள், திரைப்பக்க லைட்டுக்குத் தனி ஸ்விட்ச் வையுங்கள்.

ஆம்ப்ளிஃபயரைத் திருப்பிப் பின்பக்க ஸ்டிக்கரைப் படியுங்கள். இங்கே அதில் "230 வோல்ட், 80 வாட்ஸ்" என்றிருந்தது. 80 வாட்ஸ் கரண்ட் குடிக்கும் பெட்டி 1000 வாட்ஸ் சத்தத்தை எங்கிருந்து கொண்டுவரும்? அது பி.எம்.பி.ஓ. எனும் நொடிப்பொழுது உச்சக் கணக்கு, விளம்பரத்துக்கு மட்டும். 8 ஓம் ஸ்பீக்கரில் சேனலுக்கு எத்தனை வாட்ஸ் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரும் சக்தி) என்று எழுதி வாங்குங்கள்.

ஸ்பீக்கர் வயரின் நுனியைப் பிளேடால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரிந்தது: செம்பு முலாம் பூசிய அலுமினியம். மின்தடை அதிகம், முறுக்கிய இடத்தில் ஒடியும். 10 மீட்டர் ஓட்டத்துக்கு முழுச் செம்பில் 2.5 ஸ்கொயர் எம்எம் போதும். இதைவிட மோசம் புரொஜெக்டருக்குப் படத்தைக் கொண்டுபோகும் ஹெச்டிஎம்ஐ கேபிள். 12 மீட்டர் சாதா கேபிளைப் பைப் இல்லாமல் சுவரில் புதைத்துப் பூசிவிட்டார்கள். 1080பி-யில் ஓடுகிறது, 4கே வைத்தால் திரை கறுத்துக் கறுத்து வருகிறது. 7 மீட்டருக்கு மேல் ஒளியிழை வழியாக ஓடும் ஆப்டிகல் ஹெச்டிஎம்ஐ தேவை. அதற்கு திசை உண்டு. முனைகளை மாற்றி மாட்டினால் படமே வராது. ஒன்றரை இஞ்ச் பைப், உள்ளே இழுகயிறு. முக்கால் இஞ்ச் பைப்பில் கேபிளின் தலை நுழையாது.

"சவுண்ட் ப்ரூஃப்" என்று ஒட்டியது முட்டை அட்டை மாதிரி ஃபோம். அது ஹாலுக்குள் எதிரொலியைக் குறைக்கும், மாடி வீட்டுக்குப் போகும் பேஸை (அடித்தொனியை) நிறுத்தாது. பேஸ் கான்க்ரீட் வழியாகப் போகிறது. நிறுத்த கனம் வேண்டும், நடுவே காற்று இடைவெளி வேண்டும், கதவிடுக்கு அடைபட வேண்டும். குறைந்தபட்சம் சப்வூஃபரைச் சுவரை விட்டுத் தள்ளி, கனமான ரப்பர் பேட் மேல் வையுங்கள். மலிவு ஃபோம் தீப்பிடித்தால் நச்சுப்புகை கக்கும். தீத்தடுப்புச் சான்று கேளுங்கள், இல்லையென்றால் துணி போர்த்திய ராக்வுல் (கல்நூல்) பலகை.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது இது. ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று இரைச்சல் வந்ததற்கு ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் எர்த் பின்னையே வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பிள்ளைகள் கை வைக்கும் இடம். இரைச்சலுக்குக் காரணம் கேபிள் டிவி வயர். அதைக் கழற்றியதும் நின்றது. எல்லாச் சாதனங்களுக்கும் ஒரே போர்டிலிருந்து கரண்ட், டிவி கேபிளுக்கு இரைச்சலைத் தடுக்கும் ஓர் ஐசொலேட்டர். தீர்வு அவ்வளவுதான்.

"எல்லா ஓடிடியும் ஃப்ரீ" என்று ஒரு பெட்டி கொடுத்தால் திருப்பிக் கொடுங்கள். திருட்டுச் சேவைக்குச் சங்கமே பதில் சொல்ல வேண்டிவரும். இரவு 10 மணிக்கு மேல் சத்தம் வெளியே கேட்டால் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இருக்கின்றன.

அட்வான்ஸ் 30 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். பொருள் இறங்கி, சீரியல் நம்பரைச் சரிபார்த்தபின் அடுத்த தவணை. கடைசி 10 சதவீதம் ஒரு மாதம் ஓடிப் பார்த்தபிறகு. ஜிஎஸ்டி பில் சங்கத்தின் பெயரில். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் பின்பக்க ஸ்டிக்கர், சுரண்டிய வயர், வெட்டிய பின் மூன்றையும் படமெடுத்து, கடைக்கு எழுத்தில் புகார் கொடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். அதிலும் நடக்கவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமில்லை, காலக்கெடு இரண்டு வருடம்.