கூட்டத்தோடு கிளம்புவதா, அங்கே போய்ச் சேர்ந்துகொள்வதா?

தனியாக இருப்பவர்கள் வெளிநாட்டுக் குழுச் சுற்றுலா போக இரண்டு வழி இருக்கிறது. சென்னையிலிருந்தே முப்பது நாற்பது பேரோடு, டூர் மேனேஜர் கூட வர, ஒரே விமானத்தில் கிளம்பலாம். இல்லையென்றால் அந்த ஊரில் நாமே போய் இறங்கி, பல நாடுகளிலிருந்து வரும் பத்துப் பன்னிரண்டு பேர் குழுவில் அங்கேயே சேர்ந்துகொள்ளலாம். இன்ட்ரெபிட், ஜி அட்வென்சர்ஸ் மாதிரி நிறுவனங்கள் நடத்துவது இந்த இரண்டாவது வகை.

நான் இரண்டிலும் போயிருக்கிறேன். இரண்டு தடவையும் வியட்நாம்தான். முதலில் தெற்கே ஹோ சி மின் நகரம், சென்னைக் குழுவோடு. அடுத்து வடக்கே ஹனோய், அங்கே போய்ச் சேர்ந்து. இங்கே முதல் மூன்று நாளை மட்டும் பேசுகிறேன், ஏனென்றால் தனியாகப் போகிறவருக்கு எல்லாம் அதற்குள் முடிவாகிவிடுகிறது. யார் யாரோடு சாப்பிட உட்காருவார்கள், யார் யாரைப் போட்டோ எடுப்பார்கள் என்பது மூன்றாம் நாள் இரவுக்குள் படிந்துவிடும். அப்புறம் நுழைய இடம் கிடைக்காது.

வீட்டிலிருந்து கிளம்புவது இரண்டுக்கும் ஒன்றுதான். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் விமான நிலையம் வரை போகலாம். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை தடத்தை நீட்டிய பிறகு எங்கள் பக்கத்துக்குக் கிடைத்த பெரிய வசதி இது. அதற்கு முன்பெல்லாம் கன்டெய்னர் லாரிகளுக்குப் பயந்து நாலு மணி நேரம் முன்னதாகக் கிளம்புவோம்.

விமான நிலைய வாசலில் சென்னைக் குழு நிற்பதைப் பார்த்ததும் மனசு லேசாகிவிடும். பெட்டிக்குக் கட்ட டேக், தலைக்குத் தொப்பி, கையில் வாட்டர் பாட்டில். விசாவை அவர்களே எடுத்துவிட்டார்கள். குடியேற்ற வரிசையில் எந்தத் தாளை நீட்ட வேண்டும் என்று டூர் மேனேஜர் பின்னால் நின்று சொல்கிறார். விமானம் தாமதமானால் எல்லோருக்கும் சேர்த்துத்தான் தாமதம், நம்மை விட்டுவிட்டு யாரும் போக முடியாது. வாழ்க்கையில் முதல் தடவை விமானம் ஏறுகிறவருக்கு இந்த தைரியம் சின்ன விஷயம் இல்லை. இதில் இரண்டாவது வழி கிட்டவே வர முடியாது.

ஆனால் இறங்கிய பிறகு கதை மாறியது. ராத்திரி விமானம், விடியற்காலையில் இறங்கினோம். ஹோட்டல் அறை மதியம் இரண்டு மணிக்குத்தான். அதுவரை குளிக்காமல், முந்தின நாள் புடவையோடு, பேருந்தில் நகரச் சுற்று. நாத்ர் தாம் தேவாலயம், பழைய தபால் அலுவலகம், அதிபர் மாளிகையாக இருந்த கட்டடம் எல்லாம் காட்டினார்கள். எனக்கு நினைவில் நிற்பது பேருந்தின் ஏசியும் கழுத்து வலியும்தான். நான் பணம் கட்டிய சுற்றுலாவில் முதல் நாள் என்று கணக்கில் வந்தது இப்படித்தான் போனது.

இரண்டாம் நாள், பேருந்து இருக்கை. முன் வரிசைகளைக் குடும்பங்கள் பிடித்துவிட்டன. அவர்கள்மேல் குற்றமில்லை, சின்னப் பிள்ளைகளோடு வந்தவர்கள். ஒற்றை ஆளுக்கு மிஞ்சியது கடைசி வரிசை. கூச்சி சுரங்கப் பாதை பார்க்கப் போக வர நான் அங்கேதான். “சிஸ்டர், நீங்க தனியாவா வந்தீங்க? வீட்ல யாரும் வரலையா?” என்று பெரம்பூர்க்காரர் ஒருவர் அன்பாகத்தான் கேட்டார். அடுத்தவர் கேட்டார், அதற்கடுத்தவரும் கேட்டார். ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லச் சொல்ல, தனியாக வந்தது ஏதோ விளக்கம் சொல்ல வேண்டிய காரியம் போல ஆகிவிட்டது. கேட்டவர்கள் பதில் வாங்கிக்கொண்டு தங்கள் குடும்பத்திடம் திரும்பிவிட்டார்கள். நம் மொழி பேசும் கூட்டத்துக்கு நடுவில் தனியாக இருப்பது தெரியாத மொழிக்கு நடுவில் இருப்பதைவிடக் கனமானது. அங்கே போகும்வரை எனக்கு அது தெரியாது.

அன்று சாயங்காலம் பென் தான் மார்க்கெட்டில் ஒன்றரை மணி நேரம் விட்டார்கள். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. அந்தக் காலத்தில் வணிகம் செய்யப் போன தமிழர்கள் கட்டியது, இப்போது உள்ளூர் வியட்நாமியர்களும் வந்து ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள். கிளம்பும் முன்பே பார்க்க வேண்டும் என்று குறித்து வைத்திருந்தேன். கூட வர யாருக்கும் நேரமில்லை. “தனியா எங்கேயும் போகாதீங்க மேடம், எனக்குப் பொறுப்பு” என்றார் மேனேஜர். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் துணைக்கும் ஆளில்லை, தனியாகப் போகவும் அனுமதியில்லை என்றால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் என்ன செய்வது? மார்க்கெட் வாசலில் உட்கார்ந்திருந்தேன். இரவு இந்திய உணவகத்தில் சாம்பார் சாதம். அது நன்றாகவே இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

அறைச் செலவு இன்னொரு வேதனை. விளம்பரத்தில் இருந்தது இரண்டு பேர் ஒரு அறையில் தங்கும் கட்டணம். கூட ஒரு பெண்ணைச் சேர்த்துவிடுகிறோம் என்று போனில் சொன்ன நிறுவனம், கிளம்ப நாலு நாள் இருக்கும்போது ஆள் கிடைக்கவில்லை, தனி அறைக்கு மேல் தொகை கட்டுங்கள் என்றது. கட்டினேன். எழுத்தில் வாங்காதது என் தவறு. நீங்கள் கட்டாயம் எழுத்தில் வாங்குங்கள்.

ஹனோய்க்கு எல்லாம் நானே செய்ய வேண்டியிருந்தது. இ-விசா இணையத்தில் 25 டாலர். விமான டிக்கெட் தனி. பயணக் காப்பீடு இல்லாமல் குழுவில் சேர்க்க மாட்டார்கள். சாப்பாடும் பெரும்பாலும் நம் கைச்செலவு. எல்லாவற்றையும் கூட்டினால் சென்னைக் குழுவின் தொகைக்குப் பக்கத்தில்தான் வந்தது. ஆனால் அறை விஷயத்தில் சண்டை இல்லை: தனியாக வருகிற பெண்ணை இன்னொரு பெண்ணோடு சேர்த்துத் தங்கவைப்பது அவர்கள் வழக்கம், அதற்கு மேல்தொகை கிடையாது. தனி அறைதான் வேண்டும் என்றால் மட்டும் கூடுதல்.

குழு கூடுவது சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு. நான் ஒரு நாள் முன்னதாக, வெள்ளிக்கிழமை, அதே ஹோட்டலில் போய் இறங்கினேன். இந்த முடிவுதான் எல்லாவற்றையும் காப்பாற்றியது. சில மணி நேரம் பயந்துதான் இருந்தேன். விமான நிலையத்தில் கையில் லட்சக்கணக்கில் டாங். நம் ஒரு ரூபாய்க்குச் சுமார் 300 டாங். 20,000 நோட்டும் நீலம், 500,000 நோட்டும் நீலம், அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிடலாம். அன்று இரவே உட்கார்ந்து பெரிய நோட்டுகளைத் தனிப் பையில் பிரித்து வைத்தேன். சாலையைக் கடக்க மட்டும் பயமில்லை. தீபாவளி சமயத்தில் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டைக் கடந்தவர்களுக்கு ஹனோய் ஸ்கூட்டர்கள் புதிதல்ல. நிற்காமல், ஓடாமல், ஒரே வேகத்தில் நடந்தால் வண்டிகள் விலகிக்கொள்ளும்.

வெள்ளிக்கிழமை நான் கவிச்சி தொடமாட்டேன். ஹோட்டல் பெண்ணிடம் சைகையில் கேட்டபோது “சாய்” என்று ஒரு சொல்லைக் கற்றுக்கொடுத்தாள். சைவம் என்று பொருள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அங்கேயும் நிறைய பேர் சாய்தான் சாப்பிடுவார்களாம். அந்த ஒரு சொல்லோடு ஹோவான் கியெம் ஏரிக்கரைக்குப் போனேன். வெள்ளி மாலை முதல் ஞாயிறு இரவு வரை ஏரியைச் சுற்றி வண்டிகளை விடுவதில்லை. தெருவெல்லாம் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறுப்பு என்று சொல்ல யாரும் இல்லை. ஒன்பது மணி வரை நடந்தேன். மறுநாள் காலை தெருவோரக் குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து கோழி போட்ட ஃபோ என்கிற நூடுல்ஸ் சூப் குடித்தேன். பர்மா பஜார் பக்கம் அத்தோ சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு நூடுல்ஸும் எலுமிச்சையும் அந்நியமாகப் படவில்லை.

சனிக்கிழமை ஆறு மணிக் கூட்டத்தில் பதினோரு பேர். பாஸ்போர்ட், காப்பீட்டு எண் எழுதிக் கொடுத்துவிட்டு ஒவ்வொருவராகப் பெயர் சொன்னோம். அவர்களின் ஆங்கிலம் எனக்குப் பாதிதான் பிடிபட்டது, அன்றைய சாப்பாட்டில் வாயைத் திறக்கவே இல்லை. பில்லை ஆளுக்கு ஆள் தனியாகக் கட்டுவதும் எனக்குப் புதிது. அந்த இரவு மட்டும் தப்பு செய்துவிட்டோமோ என்று தோன்றியது, மறைக்க விரும்பவில்லை. சென்னைக் குழுவில் முதல் இரவு இந்த அளவு தனிமை இல்லை.

ஆனால் ஹனோய்க் குழுவுக்கு வந்தவர்களில் ஏழு பேர் தனி ஆட்கள். ஏன் தனியாக வந்தாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. மறுநாள் காலையில் சாலையைக் கடக்கத் தயங்கி நின்ற மூன்று பேரை நான்தான் கையைப் பிடித்து அழைத்துப் போனேன். அறைத்தோழி, அறுபது தாண்டிய நியூசிலாந்துக்காரம்மா, அதற்கப்புறம் எந்தத் தெருவாக இருந்தாலும் என் பக்கத்தில் வந்து நின்றுகொள்வார். ஹா லாங் விரிகுடாவில் படகின் மேல்தளத்தில், கடலுக்குள்ளிருந்து எழுந்து நிற்கும் சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே போகும்போது, எனக்கென்று ஒரு நாற்காலியைப் பிடித்து வைத்திருந்தார்கள். குழுவில் சேர்ந்து அது மூன்றாம் நாள்.

என் தீர்ப்பு இரண்டாவது வழிக்குத்தான், ஒரு நாள் முன்னதாகப் போவதாக இருந்தால் மட்டும். கூட்டம் நடக்கும் அன்றே இறங்குவது வேண்டாம். இணைப்பு விமானம் தவறினால் குழு காத்திருக்காது. விமானமே ஏறியிராதவர்கள், சாப்பாட்டில் கண்டிப்பானவர்கள், திடீரென்று உடம்புக்கு முடியாமல் போகக்கூடியவர்கள் சென்னைக் குழுவோடு போவதே நல்லது. அப்படிப் போனால் பணம் கட்டும் முன் மூன்றைக் கேளுங்கள்: முதல் நாள் அறை எத்தனை மணிக்கு, பேருந்து இருக்கையைத் தினமும் சுழற்றுவீர்களா, குழுவில் தனியாக வருகிறவர்கள் எத்தனை பேர். மூன்றாவது கேள்விக்கு “நீங்க மட்டும்தான்” என்று பதில் வந்தால் அடுத்த தேதியைக் கேட்டுப் பாருங்கள்.

எனக்கு அந்த மாரியம்மன் கோயில் பாக்கி இருக்கிறது. அடுத்த முறை ஹோ சி மின் நகரத்தில் கூடுகிற குழுவில்தான் பதிவு செய்யப் போகிறேன், கூட்டத்துக்கு முந்தின நாளே போய் இறங்குகிற மாதிரி.